நீருக்கடியில் ஒரு மண்டபம்

இங்கிலாந்தின் தென்பகுதியிலே, சறே மாவட்டத்தில், விற்லி என்னும் சிற்றூருக்கு அணித்தாக மனிதர் கையால் வெட்டப்பட்ட ஏரியொன்று உண்டு. அதன் நடுவே, நீரின்மேல் நடந்து வருபவர் போல, கடற்றெய்வமாகிய நெப்தியூனின் சிலை நிற்கின்றது. சிலைக்கு நேர் கீழே, நீர்மட்டத்தின் அடியில், இரும்புச் சட்டங்களில் தடித்த கண்ணாடிகளைப் பொருத்தி அமைத்த குவிமாட அறையொன்று இருக்கின்றது. கரையிலிருந்து நிலத்தடி வழியாக அதனுட் செல்லவேண்டும். நடன மண்டபம் என்று அதனைப் பலரும் வழங்கினாலும், உண்மையில் விருந்தினர் சுருட்டுப் புகைத்து உரையாடுவதற்கென்றே அது கட்டப்பட்டது. அமர்ந்திருப்போர் தலைக்கு மேலே மீன்கள் நீந்திச் செல்லும்.

அதனைக் கட்டுவித்தவர் விற்றேக்கர் றைற் என்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து ஆண்டுகளிலே ஏறத்தாழ 600 தொழிலாளர் அவருடைய லீ பார்க் மாளிகைத் தோட்டத்தில் வேலை செய்தனர். ஏரிகள் வெட்டப்பட்டன, பார்வைக்கு மறைப்பாக நின்ற மேடுகள் அகற்றப்பட்டன, இத்தாலியிலிருந்து சலவைக்கற் சிற்பங்கள் வந்திறங்கின. இவற்றுக்குச் செலவான பணம், ஆயிரக்கணக்கான மக்கள் தம் எதிர்காலத்தை நம்பி அவர் கம்பனிகளில் இட்ட பணத்திலிருந்து பிறந்ததாகும்.

களவெடுத்தவன் களவுப் பொருளை மறைத்து வைப்பான் என்பதே உலகத்தார் எண்ணம். ஆயின், பிறர் முதலீட்டைக் கையாண்டு மோசம் செய்தோரின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவருட் பலர் மறைத்து வைத்தவரல்லர். ஊரறியக் கட்டியவர், ஊரறிய உண்டவர், ஊரறியக் கப்பல் விட்டவர். ஒரு பகுதியைத் தானும் ஒதுக்கி வைத்துவிட்டு அமைதியாக விலகியிருக்கலாமே, ஏன் விலகவில்லை? தீய வழியில் வந்தது தீய வழியிலே போகும் என்று கூறி அமைவது எளிது. ஆனால் அது வினாவைத் திருப்பிச் சொல்வதேயன்றி விடையாகாது. றைற்றின் கதையைச் சற்று நெருங்கி நோக்கினால் வேறொரு விடை கிடைக்கின்றது.

1846இல் இங்கிலாந்திலே பிறந்த றைற், இளமையிலேயே அமெரிக்கா சென்று சுரங்கத் தொழிலில் ஈடுபட்டார். அங்கே பெருஞ்செல்வம் சேர்த்தார். அதனை இழந்தும் விட்டார். 1889இல் தாயகம் திரும்பியபோது அவரிடம் எஞ்சியிருந்தவை சுரங்கங்களைப் பற்றிய அறிவும் எடுப்பான பேச்சுமே. காலம் அவருக்கு உதவியது. 1892இலும் 1893இலும் மேற்கு அவுஸ்திரேலியாவில், கூல்கார்டி, கல்கூர்லி ஆகிய இடங்களில் பொன் கண்டெடுக்கப்பட்டது. இலண்டன் பங்குச் சந்தை பொன்னுக்குப் பித்தாயிற்று.

அக்காலத்துக் கம்பனி தொடக்குவோரின் தொழில் முறை எளிமையானது. சுரங்கமொன்றைச் சிறு விலைக்கு வாங்குவார்கள். புதிதாக ஒரு கம்பனியை நிறுவி, அதற்கே அச்சுரங்கத்தைப் பெரு விலைக்கு விற்பார்கள். கம்பனியின் பங்குகளைப் பொதுமக்கள் வாங்குவார்கள். இரு விலைகளுக்கும் இடைப்பட்ட தொகை தொடக்கியவருக்கு உரியது. சட்டம் இதனைத் தடுக்கவில்லை. நிலத்தின் அடியில் எவ்வளவு பொன் கிடக்கின்றதென்பதை அங்கே நிற்பவனே அறியான். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இலண்டனிலோ ஒரு மாகாணப் பட்டினத்திலோ இருந்துகொண்டு பங்கு வாங்கும் ஓய்வுபெற்ற படையதிகாரியோ பாதிரியாரோ கைம்பெண்ணோ எவ்வாறு அறிவார்? சுரங்கத்தை அவர்களாற் காண முடியாது. காணக்கூடியது சுரங்கத்தின் சொந்தக்காரரை மாத்திரமே.

ஆகவே அவர்கள் அவரைக் கண்டார்கள். இலண்டனில் பார்க் லேன் வீதியில் அவருக்கு இல்லம் இருந்தது. சறேயில் மாளிகை இருந்தது. கடலிலே பாய்க்கப்பல் இருந்தது. நீருக்கடியிலே அறை கட்டக்கூடிய மனிதருக்குப் பணத்தட்டுப்பாடு வருமோ? அவர் தொட்ட சுரங்கத்தில் பொன் இல்லாதிருக்குமோ? இவ்வாறுதான் அந்த ஏரியும் சிலையும் சுரங்கத்துக்குச் சாட்சி கூறின. வங்கியில் கடன் கேட்பவன் நிலத்தை ஈடு வைக்கின்றான். மக்களின் நம்பிக்கையைக் கடன் கேட்பவன் தன் ஆடம்பரத்தை ஈடு காட்டுகின்றான். வேறுபாடு யாதெனில், நிலத்தை ஈடு வைத்தவன் அதனை இழந்தால் கடன் தீரும். ஆடம்பரத்துக்கு வேண்டிய பணமோ கடன் கொடுத்தவரிடமிருந்தே வருகின்றது.

மாளிகையினும் பெரிய சாட்சி ஒன்றையும் அவர் விலைக்கு வாங்கினார். 1897இல் இலண்டன் அன்ட் குளோப் நிதிக் கம்பனி இருபது இலட்சம் பவுண் மூலதனத்துடன் புதிதாக அமைந்தபோது, அதன் தலைவராக டபரின் பிரபு அமர்ந்தார். 1884 முதல் 1888 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்தவர். அதற்கு முன் கனடாவின் தேசாதிபதியாகவும் இருந்தவர். அரசியலில் முதிர்ந்த அறிவுடையவரெனினும், வணிகக் கணக்கில் அவருக்குப் பயிற்சி இல்லை. வருவாய்க்குத் தேவை இருந்தது. அவர் பெயர் கம்பனித் தாளின் தலைப்பிலே நின்றது. அலுவலை றைற் நடத்தினார். டபரின் பிரபு தாமும் அக்கம்பனியிலே பணமிட்டு இழந்தவர் என்பதையும் இங்கே கூறவேண்டும். ஏமாற்றுவதற்குத் துணையானவர்களிற் பலர் தாமே முதலில் ஏமாந்தவர்கள்.

பாய்க்கப்பலின் பெயர் சிபரிட்டா. செர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியத்தின் மீற்றியோர் என்ற கப்பலுக்கு எதிராகப் பந்தயமோடிய கப்பல் அது. பழங்காலத்தில் கிரேக்கர் இத்தாலிக் கரையில் அமைத்த சிபரிசு என்னும் நகரம் இன்பக் களியாட்டத்துக்குப் பெயர்போனது; அந்நகரத்தாரை நினைவூட்டும் பெயரையே தம் கப்பலுக்குச் சூட்டினார் றைற். அக்காலப் பங்குதாரர் எவரும் இதனைக் கண்டு திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

இந்நிலையில் குளோப் கம்பனி இரு பெருஞ்சுமைகளைத் தலைமேல் ஏற்றிக்கொண்டது. ஒன்று, கல்கூர்லியிலுள்ள லேக் வியூ சுரங்கத்தின் பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சி. மற்றையது, இலண்டன் நகரின் கீழே பேக்கர் வீதியையும் வாட்டர்லூவையும் இணைக்கும் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை. பின்னது உண்மையான வேலை. இன்றும் பயன்படும் பாதை. ஆயினும் அது ஆண்டுக்கணக்காகப் பணத்தை விழுங்கி, அதன் பின்னரே வருவாய் தரக்கூடியது. குளோப் கம்பனியிடமோ ஆண்டுக்கணக்கு இல்லை. அடுத்த பங்கிலாபம் கொடுக்கும் நாள் வரையிலான அவகாசமே இருந்தது.

அப்பொழுதுதான் கணக்குகள் புரளத் தொடங்கின. றைற்றின் ஆட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் இருந்தன. குளோப் கம்பனியின் ஐந்தொகை காட்டும் நாள் வரும்போது மற்றைக் கம்பனியின் பணம் இங்கே வந்து தங்கும். நட்டமடைந்த பங்குகள் அங்கே போய் ஒதுங்கும். நாள் கழிந்ததும் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பும். விருந்துக்கு வருபவர் கண்ணிற்படப் பக்கத்து வீட்டு நாற்காலிகளை இரவல் வாங்கி அடுக்குவது போன்றது இது. ஐந்தொகையைப் பார்த்தவர்கள் வங்கியிலே பணம் நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

றைற் வேண்டுமென்று தொடக்கத்திலேயே திருட வந்தவர் என்று கூறுவது அவருக்கும் பொருந்தாது, வரலாற்றுக்கும் பொருந்தாது. மாளிகை வேலை தொடங்கியபோது அவரிடம் இலாபம் இருந்தது. அது மிகையான விலையிலே பெற்ற இலாபமேயாயினும் சட்டப்படி அவருடையதே. குற்றம் பின்னர் வந்தது. மாளிகைக்காகக் குற்றம் செய்தார் என்பதிலும் பார்க்க, மாளிகை நிற்கும்வரை குற்றத்தை நிறுத்த முடியாதவரானார் என்பதே பொருத்தம். 1899இல் அவர் சிபரிட்டா போன்ற ஒரு கப்பல் தமக்கு வேண்டாமென்று அறிவித்திருந்தால், 600 பேரில் 300 பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், மறுநாட் காலையே பங்குச் சந்தையில் அச்செய்தி பரவியிருக்கும். சிக்கனம் என்பது சாதாரண மனிதனுக்குப் பாதுகாப்பு. அவருக்கோ அது முறிவின் அறிவித்தல். சுருங்கச் சொன்னால், செலவை நிறுத்துவதற்குரிய சுதந்திரத்தை அவர் எப்போதோ இழந்துவிட்டார்.

1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28ஆம் நாள் குளோப் கம்பனி கடனிறுக்க இயலாது முறிந்தது. அதனோடு தொடர்புகொண்ட பங்குத் தரகர் நிலையங்கள் பல அடுத்தடுத்து வீழ்ந்தன. நிலக்கீழ்ப் பாதை வேலை இடையில் நின்றது. 1902இல் அமெரிக்கரான யேர்க்ஸ் அதனை வாங்கிய பின்னரே மீண்டும் நடந்து, 1906இல் பாதை திறக்கப்பட்டது. முதுமையும் நோயும் சூழ்ந்திருந்த டபரின் பிரபு, 1901 ஜனவரியில் பங்குதாரர் கூட்டத்தின்முன் நேரில் வந்து நின்றார். அந்தச் செயலுக்காகப் பலர் அவரை மதித்தனர். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

ஆடம்பரமே நம்பிக்கைக்கு ஈடு என்றால், ஆடம்பரத்தை வெறுக்கும் மக்களிடம் மோசடி செய்ய இயலாதன்றோ என ஒருவர் வினவலாம். அதற்கும் இங்கிலாந்திலே உதாரணம் உண்டு. றைற்றுக்குச் சில ஆண்டுகள் முன், ஜேபெஸ் பல்பூர் என்பவர் 1868இல் தொடக்கிய லிபறேற்றர் என்னும் வீட்டுக்கடன் சங்கம் 1892இல் முறிந்தது. அதில் பணமிட்டவர் பெரும்பாலும் எளியவர், மதுவைத் தொடாதவர், ஆங்கிலத் திருச்சபையைச் சாராத தேவாலயங்களில் வழிபட்டவர். அவர்களுடைய போதகர் பலர் சங்கத்தின் முகவர்களாகப் பணியாற்றினார்கள். பல்பூரின் தாயார் மதுவிலக்குச் சொற்பொழிவாளராகப் புகழ்பெற்றவர். அவரும் மதுவிலக்கு மேடைகளில் ஏறினார். பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவர் காட்டிய ஈடு பக்தி. பங்குச் சந்தையாருக்குக் கப்பல் எதுவோ, தேவாலயத்தாருக்குப் பிரார்த்தனை அது. முறிவு வந்ததும் அவர் ஆர்ஜென்டீனா நாட்டுக்கு ஓடினார். 1895இல் பிடித்துக் கொணரப்பட்டு 14 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவரும் தேம்ஸ் நதிக்கரையிலே பேர்கொட் என்ற ஊரில் ஒரு பெரிய மனைக்கு உரியவராய் விருந்தோம்பி வாழ்ந்தார் என்பது வேறு செய்தி. பக்தி மாத்திரம் போதவில்லைப் போலும்.

இவ்விருவரிடத்தும் ஓரளவு உண்மையான சொத்து இருந்தது. சுரங்கம் இருந்தது, கட்டடம் இருந்தது. ஒன்றுமே இல்லாதவிடத்து நடப்பது இன்னும் விளக்கமாகத் தெரியும். 1920இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சார்ள்ஸ் பொன்சி என்ற இத்தாலியர், 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் தருவதாகப் பணம் பெற்றார். ஒரு நாட்டில் மலிவாக வாங்கும் சர்வதேசத் தபாற் பதிற் கூப்பன்களை இன்னொரு நாட்டில் மாற்றி இலாபம் பெறுவதாகக் கூறினார். சில மாதங்களில் இலட்சக்கணக்கான டொலர் குவிந்தது. அவர் லெக்சிங்ரன் என்ற ஊரில் பெரிய வீடு வாங்கினார். லோகோமொபைல் என்னும் விலையுயர்ந்த மோட்டார் வண்டி வாங்கினார். தாயாரை இத்தாலியிலிருந்து அழைத்தார்.

பொருளியற் பத்திரிகையாளரான கிளாறன்ஸ் பாறன் இரண்டே கேள்விகளால் அவரை மடக்கினார். அவ்வளவு பணத்துக்கும் ஈடாக 16 கோடி கூப்பன்கள் வேண்டும். புழக்கத்தில் இருப்பனவோ ஏறத்தாழ 27,000 தாமே? நூற்றுக்கு ஐம்பது தரும் தொழில் தம்மிடம் இருக்கையில், பொன்சி தம் பணத்தை ஏன் அதில் இடாது வேறிடங்களில் முடக்குகின்றார்?

இரண்டாவது கேள்வியிலே இப்பொருளின் மறுபாதி அடங்கியிருக்கின்றது. பொன்சியின் வாக்குறுதியை நிறைவேற்றக்கூடிய நேர்மையான தொழில் உலகில் எங்கும் இல்லை. பெற்ற பணத்தை வங்கியில் இட்டாலும், நிலம் வாங்கினாலும், கடை வைத்தாலும், வாக்குக் கொடுத்த வட்டியின் ஒரு சிறு கூறுதானும் வராது. ஒவ்வொரு டொலர் வரும்போதும் அதனிலும் பெரிய கடனைக் கூட்டிக்கொண்டே வருகின்றது. எவ்வளவு சேமித்தாலும் பள்ளம் நிரம்பாது என்பதை அறிந்தவன் சேமிப்பதிற் பொருள் காண்பதில்லை. குடியானவன் விதைநெல்லைக் காப்பது அடுத்த மழை வரும் என்ற நம்பிக்கையினாலே. அடுத்த போகம் தனக்கில்லை என்று தெரிந்தவன் விதைநெல்லையே சமைத்து உண்பான். பொன்சியும் ஒரு வங்கியிற் பெரும்பங்கு வாங்கி, அதைக்கொண்டு எப்படியாவது மீண்டுவிடலாமென்று முயன்றுதான் பார்த்தார். அவரால் இயன்றது நாளைக் கடத்துவது ஒன்றே; நாளைக் கடத்துவதற்கும் முன்பு போலவே செல்வராகத் தோன்றவேண்டியிருந்தது. மக்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூடியபோது, வரிசையில் நின்றவர்களுக்குக் காப்பியும் பணியாரமும் கொடுத்து உபசரித்தார். அதைக் கண்டு சிலர் மனம் மாறித் திரும்பிப் போனார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் கைதானார். பணமிட்டோருக்குப் பல ஆண்டுகளின் பின் கிடைத்தது மூன்றிலொரு பங்களவே. கடைசி நேரத்தில் முந்திக்கொண்டு முழுப்பணத்தையும் மீட்டவர்களும் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென 1924இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தது. பொன்சி 1949இல் பிரேசில் நாட்டின் றியோ டி ஜனெய்றோ நகரில், தரும வைத்தியசாலையொன்றிலே இறந்தார்.

காலம் மாறினும் ஈடு காட்டும் வழக்கம் மாறவில்லை. கிரிக்கெற் அபிமானிகள் 2008ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள். அன்ரிகுவாத் தீவில் வங்கி நடத்திய அலன் ஸ்ரான்போர்ட் என்ற அமெரிக்கர், இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கி, பெட்டி நிறைந்த டொலர் தாள்களைக் காட்சிக்கு வைத்தார். ஒரேயொரு ஆட்டத்துக்கு இரண்டு கோடி டொலர் பரிசு. நவம்பர் முதலாம் நாள் ஆட்டம் நடந்தது, இங்கிலாந்து தோற்றது. அடுத்த பெப்ரவரியில் அவர் மீது மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தது. ஏறத்தாழ 700 கோடி டொலர் மோசடிக்காக 2012இல் 110 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மைதானத்தில் காட்டப்பட்ட அந்தப் பெட்டியும் ஏரிக்கடியிற் கட்டப்பட்ட அறையும் ஒரே வேலையைத்தான் செய்தன.

றைற்றுக்கு நேர்ந்தது இனிக் கூறவேண்டும். முறிவின் பின் இரண்டு ஆண்டுகள் அவர்மீது வழக்கு எழவில்லை. உள்ள சட்டத்தின்படி குற்றத்தை நிலைநாட்ட இயலாதென்பது சட்டமா அதிபர் சேர் றொபேட் பின்லேயின் கருத்து. பெரிய மனிதரைக் காப்பதற்கே இவ்வாறு கூறப்படுகின்றதென ஐயுற்றவர் பலர். இழந்தவர்கள் சோரவில்லை, பணம் திரட்டி, நீதிமன்றத்தை நாடினர். 1903 மார்ச்சில் வழக்குத் தொடருமாறு நீதியரசர் பக்லி கட்டளையிட்டார். றைற் பாரிசு வழியாக வேறு பெயரில் கப்பலேறினார். நியூயோர்க் துறைமுகத்திலே பொலிசார் காத்திருந்தனர்.

1904 ஜனவரியில் நீதியரசர் பிக்கம் முன்னிலையில் விசாரணை நடந்தது. குற்றஞ் சுமத்தியவர் சார்பிலே தோன்றியவர் றூபஸ் ஐசாக்ஸ். பிற்காலத்தில் றெடிங் பிரபு என்ற பெயருடன் இந்திய அரசப் பிரதிநிதியானவர் இவரே. ஓர் அரசப் பிரதிநிதியின் பெயரால் எழுந்த கம்பனியின் கணக்கை, பின்னர் அப்பதவிக்கு வரவிருந்த இன்னொருவர் பிரித்துக் காட்டினார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. மாளிகையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் அவர் அதிகம் பேசவில்லை. இந்தத் திகதியில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, மறுநாள் எங்கே சென்றது என்றே மென்குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். எடுப்பாகப் பேசிப் பழகிய றைற் தடுமாறினார். அம்மாதம் 26ஆம் நாள் ஏழு ஆண்டுக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டடத்திலேயே ஓர் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், போகுமிடத்துக்கு இனி வேண்டாம் என்று கூறித் தம் கடிகாரத்தை நண்பரொருவரிடம் கொடுத்தார். சிறிது நேரத்தில் நஞ்சருந்தி இறந்தார்.

விற்லி தேவாலய முற்றத்திலே அவரை அடக்கம் செய்தபோது ஊர்மக்கள் திரண்டு வந்தனர். ஏரி வெட்டிய கூலியும் மரம் நட்ட கூலியும் அவர்களுக்கு ஒழுங்காகக் கிடைத்திருந்தன. அப்பணம் எங்கோ ஒரு பட்டினத்தில் யாரோ ஒரு கைம்பெண்ணின் வைப்பிலிருந்து வந்ததென்று அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை. இழந்தவர்களும் பெற்றவர்களும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை.

ஆடம்பரத்துக்குச் செலவான பணத்தில் மீட்கக்கூடியது மிகச் சிறிது. ஏரியிலிருந்து அள்ளிய மண்ணைத் திரும்ப விற்க முடியாது. நகர்த்திய மேட்டை ஏலம் போட முடியாது. லீ பார்க் மாளிகை, டைற்றானிக் கப்பலைக் கட்டிய நிலையத்தின் தலைவரான பிறி பிரபுவின் கைக்கு மாறியது, 1952இல் தீக்கிரையாயிற்று. அந்த நிலங்களோடு ஹைன்ட்ஹெட் என்னும் விரிந்த மேய்ச்சல் வெளியும் றைற்றின் உடைமையாக இருந்தது. 1905இல் அது ஏலத்துக்கு வந்தபோது, சேர் றொபேட் ஹண்டர் முதலான அயலூரார் சிலர் தமக்குள் பணம் சேர்த்து அதனை வாங்கினர். அடுத்த ஆண்டு நாட்டு மரபுரிமை காக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தனர். இன்று அவ்வெளியிலே எவரும் கட்டணமின்றி நடந்து செல்லலாம்.